ஓவியனும் அவனது பார்வையாளரும்: கலைஞன் தன்னை அறிமுகஞ்செய்தல் குறித்துச் சில சிந்தனைகள்

கலைஞன் தன்னையும் தனது ஆக்கங்களையும் தானே எடுத்துக்கூறி விளம்பரப்படுத்துவது கௌரவக் குறைவான செயல் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணத்தை இருவேறு முகாம்களிற் காணலாம். தூய கலை பேசுவோர், மெய்யான கலை என்றோ ஒரு நாள் தன்னைத் தானே நிலைநாட்டிக்கொள்ளும் என்பர். முற்போக்காளருட் சிலரோ, விளம்பரம் என்பது முதலாளித்துவச் சந்தையின் கருவியாதலால் மக்கள் கலைஞன் அதனைத் தீண்டலாகாது என்பர். காரணங்கள் வேறாயினும் முடிவு ஒன்றே: ஓவியன் வாய்மூடியிருத்தல் வேண்டும். இவ்விரு கூற்றுக்களும் வரலாற்று உணர்வற்றவை என்பதே நமது கருத்து.

ஆலயச் சுவரிலோ அரண்மனை மண்டபத்திலோ ஓவியந் தீட்டியவனுக்குத் தன்னை அறிமுகஞ்செய்யும் தேவை எழவில்லை. அவன் நாணமுடையவனாயிருந்தமை அதற்குக் காரணமன்று. தேவை முதலிலும் படைப்பு பின்னரும் அமைந்த உற்பத்தி முறையில் அவன் வாழ்ந்தான் என்பதே காரணம். புரவலன் கேட்டான், ஓவியன் தீட்டினான். முதலாளித்துவம் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. படைப்பு முதலில் தோன்றுகின்றது. அதனைக் கொள்வோன் யாரென்பது பின்னரே தெரியவருகின்றது. பட்டுப்புழு தன் இயல்பினாற் பட்டு நூற்பது போலவே மில்டன் தம் காவியத்தை ஆக்கினார் என்றும், பின்னரே அதனை ஐந்து பவுணுக்கு விற்றார் என்றும் மார்க்ஸ் கூறியது பலரும் அறிந்ததே. ஆக்குதலுக்கும் விற்றலுக்கும் இடையேயுள்ள இவ்விடைவெளியிலேதான் விளம்பரம் என்னும் பிரச்சினை பிறக்கின்றது.

எழுத்தாளனுக்கும் ஓவியனுக்கும் இடையேயுள்ள ஒரு வேறுபாட்டை நமது விமரிசகர் போதியளவு கவனித்திலர். எழுத்தாளனுடைய நூலை ஆயிரம் பேர் ஆளுக்கொரு பிரதியாக வாங்குவர். அவனுக்கு வாசகனும் கொள்வனவாளனும் ஒருவனே. ஓவியனுடைய நிலை வேறு. அவனது திரைச்சீலை ஒன்றேயொன்று. அதனைப் பார்ப்போர் பலராகலாம், வாங்குபவன் ஒருவனே. அவ்வொருவன் வாங்கிய மாத்திரத்தே ஏனையோரின் பார்வையிலிருந்து அது மறைந்துவிடுதலும் கூடும். ஆகவே ஓவியன் தன்னை அறிமுகஞ்செய்யும்போது, பார்ப்போரை நோக்கிப் பேசுகின்றானா, வாங்குவோரை நோக்கிப் பேசுகின்றானா என்ற வினா தவிர்க்கமுடியாதது.

இவ்வினாவை முதன்முதலில் வெளிப்படையாக எதிர்கொண்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே (1819–1877). அவர் காலத்துப் பிரான்சில் ஓவியன் பொதுமக்களை அடைவதற்கு ஒரே வாயிலாக இருந்தது சலோன் எனப்பட்ட அரசாங்கக் கண்காட்சியே. 1850ஆம் ஆண்டிலே கூர்பே செய்த காரியம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. தமது பிறப்பிடமான ஓர்ணான் என்ற சிற்றூரின் மக்களை ஏறத்தாழ ஆளுயர உருவங்களாகத் தீட்டிய 'ஓர்ணானில் ஓர் அடக்கம்' என்ற பேரோவியத்தையும், 'கல்லுடைப்போர்' என்பதையும் பாரிஸுக்கு அனுப்புமுன் அவர் தமது ஊரிலேயே காட்சிக்கு வைத்தார். பின்னர் அருகிலுள்ள பெசான்சோன் நகரிலும், அதன்பின் டிஜோனிலும் கட்டணம் அறவிட்டுக் காட்டினார். நண்பர் மக்ஸ் புஷோன் பத்திரிகையில் முன்னறிவித்தல் எழுதினார். டிஜோனில் முயற்சி தோல்வியுற்றது. ஆயினும், ஓவியத்தில் இடம்பெற்ற மாந்தரே அதன் முதற் பார்வையாளராக அமைந்தமை சாதாரண நிகழ்ச்சியன்று. தலைநகரின் தீர்ப்புக்கு முன்னர் நாட்டுப்புறத்தின் தீர்ப்பைக் கோரிய செயல் அது. 1848இன் புரட்சி அலை முற்றாக ஓயாதிருந்த வேளையில் நிகழ்ந்தது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

ஐந்தாண்டுகளின் பின், 1855இல், பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. கூர்பே அனுப்பிய பதினான்கு ஓவியங்களுட் பதினொன்றை நடுவர் குழு ஏற்றது. 'அடக்கம்' என்பதையும், அவரது புதிய பெரும்படைப்பான 'ஓவியனின் பணியகம்' என்பதையும் நிராகரித்தது. கூர்பே அரசாங்கக் காட்சியிலிருந்து விலகவில்லை. அங்கு பதினொன்றையும் தொங்கவிட்டுக்கொண்டே, அருகில் நிலத்தை வாடகைக்குப் பெற்றுத் தற்காலிக மண்டபமொன்றை எழுப்பி, வாயிலில் 'யதார்த்தவாதம்' என்று பெயர்ப்பலகை இட்டு, ஏறத்தாழ நாற்பது ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங். விற்பனைக்கு வைத்த காட்சிப் பட்டியலின் முன்னுரையே யதார்த்தவாதத்தின் கொள்கைப் பிரகடனமாயிற்று. இன்று விளம்பரத் துண்டு எனக் கழிக்கப்படக்கூடிய ஒரு தாள் ஐரோப்பியக் கலைக் கோட்பாட்டு வரலாற்றின் ஓர் ஆவணமாக நிலைத்துவிட்டது. விளம்பரமும் கோட்பாடும் எப்போதும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வருவாய் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஓவியர் டெலக்ருவா தாம் அங்கு சென்றபோது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியே நின்று பார்க்க முடிந்ததாக நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மண்டபத்துக்கான பணத்திற் பெரும்பகுதி மொம்பெலியே நகரத்துச் செல்வர் அல்பிரெட் புரூயாவிடமிருந்து வந்தது. 'பணியகம்' ஓவியத்தை நாம் இந்த வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். நடுவே கூர்பே அமர்ந்து நிலக்காட்சி ஒன்றைத் தீட்டுகின்றார். வலப்புறத்தில் புரூயா, புரூதோன், போதலேர் முதலிய ஆதரவாளரும் அறிஞரும் நிற்கின்றனர். இடப்புறத்தில் இரவலர், உழைப்பாளர், வியாபாரி முதலியோர். ஓவியனை நோக்குவோர் வலப்புறத்தார். ஓவியனால் நோக்கப்படுவோர் இடப்புறத்தார். இரு திறத்தாரும் ஒருவரோடொருவர் பேசுவதாயில்லை. இருவருக்குமிடையே ஓவியன் மாத்திரம் மையமாக வீற்றிருக்கின்றான். கூர்பேயின் தற்பெருமை பற்றிக் கேலிச்சித்திரக்காரர் ஓயாது நகைத்தனர். அந்நகைப்பு முற்றிலும் ஆதாரமற்றதன்று. அரசின் உயர் கலை அதிகாரியிடம் தாமும் ஓர் அரசாங்கமே என்று கூறியதாக அவர் பெருமையுடன் எழுதுகின்றார். அச்சம்பவத்துக்குச் சாட்சி அவரது கடிதமே என்பதையும் நாம் மறக்கலாகாது! எனினும், அரச தயவு, தனிப் புரவலன், கட்டணஞ் செலுத்தும் பொதுமக்கள் என்னும் மூன்று ஆதாரங்களும் ஒரே காலத்தில் ஓவியனை எவ்வாறு பிணித்தன என்பதை இவ்வளவு வெளிப்படையாகத் தீட்டிய பிறிதோர் ஓவியம் அந்நூற்றாண்டிற் காண்டலரிது. 1871இல் பாரிஸ் கொம்யூனில் அவர் பங்குபற்றியதும், அதன் தோல்வியின் பின் சிறையும் நாடு கடந்த வாழ்வும் அவருக்கு வாய்த்தமையும் நன்கறியப்பட்டவை. புகழ் தேடிய மனிதன் கொள்கையற்றவனாகத்தான் இருப்பான் என்போர் இதனையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

கூர்பேயின் மண்டபம் தனிமனித முயற்சி. அதனைக் கூட்டு முயற்சியாக்கியவர் பின்னர் 'இம்பிரெஷனிஸ்டுகள்' எனப் பெயர்பெற்ற குழுவினர். 1873 டிசெம்பரில் மொனே, பிசாரோ, தெகா முதலியோர் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். விதிகளை வகுக்கும்போது பொந்துவாஸ் நகர வெதுப்பகத் தொழிலாளர் சங்கத்தின் விதிகளைப் பிசாரோ முன்மாதிரியாகக் காட்டினார் என்பது சுவையான செய்தி. அங்கத்துவப் பணம் ஆண்டுக்கு 60 பிராங். நடுவர் குழு இல்லை. அனைவர்க்கும் சம உரிமை. 1874 ஏப்ரில் 15 முதல் ஒரு மாத காலம், புகைப்படக்காரர் நாடாரின் முன்னைய பணியகத்தில் முதற் காட்சி நடைபெற்றது. பகல் முழுதும் வேலை செய்வோரும் வரத்தக்கதாக இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரையும் திறந்து வைத்தனர். வந்தோர் ஏறத்தாழ 3500 பேர். ஆண்டிறுதியில் ஒவ்வொருவர் தலையிலும் 184.50 பிராங் கடன் விழுந்தது, சங்கம் கலைக்கப்பட்டது. கண்காட்சிகள் மாத்திரம் 1886 வரை எட்டுத் தடவை தொடர்ந்தன. எட்டிலும் பங்குபற்றியவர் பிசாரோ ஒருவரே. ஈற்றில் அவ்வோவியர்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டவர் வணிகர் துராண்ட்-ருவேல். 1886இல் அவர் நியூயோர்க்கில் நடத்திய காட்சியே பெரிய திருப்பம். அதாவது பார்வையாளரைக் கூட்டுறவு தேடிக்கொடுத்தது. கொள்வனவாளரைத் தேடிக்கொடுத்தது மூலதனம். பின்னதை மாத்திரம் நினைவிற்கொண்டு முன்னதை மறக்கும் கலை வரலாறுகள் பல உள.

பார்வையாளனும் கொள்வனவாளனும் ஒன்றாதல் ஓவியத்தில் இயலாததா? அச்சு இதற்கு ஒரு விடையளித்தது. நமது பண்பாட்டுச் சூழலுக்கு அண்மையான எடுத்துக்காட்டு ராஜா ரவிவர்மா (1848–1906). சுதேச மன்னர்களுக்கும் ஆங்கில அதிகாரிகளுக்கும் தீட்டிக்கொண்டிருந்த அவருக்கு, படங்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி எண்ணெய்வண்ண அச்சுப்படங்களாக வெளியிடலாம் என மாதவராவ் 1884இல் யோசனை கூறினார். பத்தாண்டுகளின் பின் ரவிவர்மா பம்பாயில் அச்சகத்தைத் தாமே நிறுவி, ஜேர்மன் இயந்திரங்களையும் தொழினுட்பவியலாளரையும் வரவழைத்தார். அரண்மனைக்குள் நுழைய இயலாதோர் வீட்டுச் சுவரிலும் இலக்குமியும் சரசுவதியும் ஏறினர். ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்ட மக்களுக்கும் தெய்வ உருவம் விலைகொடுத்து வாங்கக்கூடிய பொருளாயிற்று. இது குறைத்து மதிப்பிடக்கூடிய மாற்றமன்று. ஆனால் அச்சகம் கடனில் மூழ்கி ஜேர்மானியர் ஒருவருக்குக் கைமாறிற்று. அதன்பின் அதே தெய்வங்கள் வணிகப் பொருள்களின் விளம்பரங்களிலும் தோன்றலாயின. ஓவியன் தன்னை விளம்பரப்படுத்த அமைத்த சாதனம், அவனது ஓவியத்தையே பிற பண்டங்களின் விளம்பரமாக்கி முடித்தது.

ஆனந்த குமாரசுவாமி ரவிவர்மாவின் கலையை நாடகப்பாங்கானது, கற்பனை வறட்சியுடையது எனக் கடுமையாகச் சாடினார். அழகியல் நோக்கில் அதில் உண்மை உண்டு. ஆயினும் இப்படங்கள் யாரைச் சென்றடைந்தன, ஏன் சென்றடைந்தன என்னும் வினாவை அவ்விமரிசனம் எழுப்பவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளின் சுவாமியறைகளிலே அம்மரபில் வந்த கலண்டர்ப் படங்கள் பல தலைமுறைகளாகத் தொங்கின. நமது மக்களிற் பெரும்பாலோர் அறிந்த ஓவியம் அதுவே. அதனைப் பழிப்பதோடு நின்ற நாம், அதற்கு மாற்றாக அவ்வளவு மலிவாகவும் பரவலாகவும் எதனையும் கொடுத்தோமல்லோம்.

இலங்கையில் நவீன ஓவியம் தன்னை நிலைநாட்டிய வரலாறு '43 குழு'வோடு தொடர்புடையது. 1943 ஓகஸ்டில், கொழும்பில் லயனல் வென்ற்றின் இல்லத்தில் அது தோன்றிற்று. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி முதலியோர் அதன் உறுப்பினர். அதிகார பூர்வமான கலைச் சங்கத்தின் ரசனையை எதிர்த்துத் தாமே கண்காட்சி நடத்தினர். ஐம்பதுகளில் இலண்டனிலும் பாரிஸிலும் காட்சி வைத்தனர். பாரிஸ் முன்மாதிரி இங்கு நேரடியாகவே செயற்பட்டது எனலாம். எனினும் அவர்தம் சாதனைக்குப் பின்னணியாயிருந்தவை கறுவாத்தோட்டத்து இல்லங்கள், ஆங்கிலக் கல்வி, வென்ற்றின் சொந்தச் செல்வம் ஆகியன. ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அவ்வாற்றல் வெளிப்படுவதற்கு இருந்த வாய்க்கால் எந்த வர்க்கத்தின் நிலத்தினூடாக ஓடியது என்பதையே சுட்டுகின்றோம்.

வடபுலத்தில் அத்தகைய இல்லங்களும் செல்வமும் இருக்கவில்லை. சித்திர ஆசிரியர்களின் சம்பளமும் பாடசாலை விடுமுறையுமே மூலதனம். ஓவியர் மாற்கு (1933–2000) அமைத்த கழகம் 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' எனப் பெயர் பூண்டதே நிலைமையை உணர்த்தும். பாரிஸில் சலோனும், கொழும்பில் கலைச் சங்கமும் எதிர்த்துப் போராடத்தக்க நிறுவனங்களாயிருந்தன. இங்கோ எதிர்ப்பதற்கேனும் ஒரு நிறுவனமில்லை. மௌனமே எதிரி. அம்மௌனத்தில் நமக்கும் பங்குண்டு. மண்வாசனை, தேசிய இலக்கியம், யதார்த்தம் என ஐம்பதுகள், அறுபதுகளில் எழுந்த வாதங்கள் சிறுகதையையும் நாவலையும் கவிதையையும் சுற்றியே சுழன்றன. ஓவியனிடம் அட்டைப்படம் கேட்டோம். அவனது ஓவியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் சொல்வளத்தை வளர்த்தோமல்லோம். விமரிசகன் எழுதாதவிடத்து ஓவியன் தன்னைப் பற்றித் தானே பேச வேண்டியதாகின்றது. அப்பேச்சைத் தற்புகழ்ச்சி எனப் பின்னர் நாமே பழிக்கின்றோம்.

இன்று கைத்தொலைபேசியும் இன்ஸ்ரகிராமும் முகநூலும் இப்பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகக் கூறுவோர் உளர். நடுவர் குழு இல்லை, மண்டப வாடகை இல்லை, ஒரு பிராங் கட்டணமும் இல்லை என்பது மெய்யே. ஆனால் எந்தப் படம் எவர் கண்ணில் படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணிப்புமுறை நிறுவனத்தின் உடைமை. அதன் விதிகளை ஓவியன் அறியான். 1855இன் நடுவர்கள் நிராகரித்தபோது நிராகரித்தோம் என்றேனும் கூறினர். பார்ப்போனும் வாங்குவோனும் பிரிந்தே நிற்கின்றனர். விருப்பக்குறியிடுவோர் ஆயிரவராயினும் திரைச்சீலையை வாங்க வருபவர் அரியர். ஓவியர்கள் நிலத்தையும் சாதனத்தையும் தமதாக்கிக்கொண்ட முயற்சிகள் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன. 1966இல் பணிக்கரும் அவர்தம் மாணவரும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அப்பணத்தாற் சென்னைக்கருகே நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். வயிற்றுப்பாட்டுக்குக் கைவினை, தேடலுக்கு ஓவியம் எனப் பிரித்துக்கொண்டமையால், ஓவியத்தைச் சந்தையின் உடனடி விருப்புக்கு வளைக்காதிருத்தல் அவர்களுக்கு இயன்றது. வடக்கிலே பத்திக் அன்றி, சித்திர பாடமே அத்தொழிற்பாட்டை ஆற்றியது.

1987இல் மாற்குவைப் பற்றி 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. போர்ச் சூழலில், இலக்கிய நண்பர்களின் முயற்சியால் வந்த நூல் அது. அக்காலத்தில் ஓவியர் ஒருவரை இவ்வளவு தூரம் உயர்த்திப்பிடித்தல் தகுமா என எவரேனும் ஐயுற்றிருக்கலாம். 1995 இடப்பெயர்வின்போது அவ்வோவியரின் படைப்புகள் பல அழிந்துபோயின. அவற்றைப் பற்றி இன்று ஆராய முனைவோர் முதலில் தேடிச் செல்வது, அன்று அறிமுகத்துக்காக அச்சிடப்பட்ட அந்தப் பக்கங்களையே.