மிக்ஸமோ: கணினி மனிதருக்கு நடை தரும் செயலி

மிக்ஸமோ, கணினியில் உருவாக்கிய மனித உருவத்துக்கு நடையைப் பொருத்தித் தரும் இணையச் செயலி. 2015 முதல் அடோபியிடம் இருக்கிறது, கட்டணம் இல்லை. இதிலுள்ள நடைகள் கையால் வரைந்தவை அல்ல, நடிகர்களின் அசைவை மோஷன் கேப்சரில் பதிவு செய்தவை. 2014-ல் வெளிவந்த ‘கோச்சடையான்’ படத்துக்கு அத்தகைய பதிவுக்காக இங்கிலாந்து வரை போக வேண்டியிருந்தது.

உருவத்தை ஏற்றி முகவாய், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், தொடைச்சந்து ஆகிய இடங்களில் புள்ளி வைத்தால் சில நிமிடங்களில் எலும்புச் சட்டகம் தயாராகிவிடுகிறது. பேன்ட் அணிந்த உருவத்துக்கு இது அருமையாகப் பொருந்தும். சேலை கட்டிய உருவத்தில்தான் சிக்கல்: கொசுவத்தைச் செயலி இரு கால்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவதால், அடி வைக்கும்போதெல்லாம் துணி ரப்பர் போல இழுபடுகிறது.

புனேயின் கோர்படி ரயில்வே கேட்டை மக்கள் கடக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் கண்ணை உறுத்துவது கால் வழுக்கல். பதிவான நடை ஒரு வினாடியில் இரண்டு அடி வைத்து 1.3 மீட்டர் நகர்கிறது. உருவத்தையோ வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறோம். மிச்சமுள்ள 20 சென்டிமீட்டரும் பாதம் தரையில் சறுக்கும் தூரம். நடப்பவரின் ஒரு பாதம் நடைச் சுழற்சியில் ஏறத்தாழ 60 சதவீத நேரம் தரையில் ஊன்றியிருக்கும் என்பதால் இந்தப் பிழையை மறைக்கவே முடியாது. மிக்ஸமோவில் நடையை நின்ற இடத்திலேயே நிகழவைக்கும் ‘இன் பிளேஸ்’ குறியை எடுத்துவிட்டு, பதிவிலுள்ள இடுப்பின் நகர்வையே உருவத்தின் நகர்வாக வைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

தண்டவாளமும் ஜல்லியும் அடுத்த சோதனை. சமதளத்தில் பதிவான நடை மேடுபள்ளத்தை அறியாது. பாதம் ஜல்லிக்குள் புதையும், அல்லது அந்தரத்தில் நிற்கும். பாதத்தைத் தரையில் ஊன்றி, அதற்கேற்ப முழங்காலை மடக்கும் கணக்கைக் கேம் என்ஜினில்தான் சேர்க்க வேண்டும். கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நடையைக் கொடுத்தால் அணிவகுப்பாகிவிடும். ஒவ்வொருவரின் தொடக்க ஃபிரேமையும் வேகத்தையும் சற்றே மாற்றினால் போதும், கூட்டம் கூட்டமாகத் தெரியும்.

ஆனால் செருப்பை இழுத்து நடப்பதும், சேலை தடுக்காதபடி குறுகிய அடி வைப்பதும், தலைச்சுமையோடு கழுத்து அசையாமல் நடப்பதும் இந்தத் தொகுப்பில் கிடைப்பதில்லை. அவற்றை நம் ஊர் மனிதர்களை நடக்கவைத்தே பதிவு செய்ய வேண்டும். பேன்ட் சட்டையில் சமதரையில் நடக்கும் உருவங்களுக்கு மிக்ஸமோவைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கோர்படி கேட் காட்சிக்கு அது பாதி வேலையைத்தான் முடித்துத் தரும்.