நீக்கப்பட்ட கேள்விக்குறி

சென்ற மாதம் கே.கே. நகரில் என் வீட்டு மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், தினசரிகளில் வரும் நினைவஞ்சலி வாசகங்களை மொழியின் குப்பை என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் அன்றிரவு எனக்கு வில்ஃப்ரெட் ஓவனின் தாய் ஞாபகம் வந்தது.

ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, பிரான்ஸில் ஓர்ஸ் கிராமத்தருகே கால்வாயைக் கடக்கும் சண்டையில் இறந்தான். வயது 25. தந்தி வீட்டுக்கு வந்தது 11ஆம் தேதி, போர் முடிந்ததென்று மணிகள் அடித்துக்கொண்டிருந்தபோது. கல்லறையில் பொறிக்க அவனுடைய ஸானட் ஒன்றிலிருந்தே தாய் வரிகளை எடுத்தாள். உயிர் இந்த உடல்களை மீட்குமா, சாவை ரத்து செய்யுமா என்று அங்கே இரண்டு கேள்விகள். இல்லை என்றே கவிதை முடிகிறது. தாய் இரண்டாவது கேள்வியைப் பாதியில் வெட்டிக் கேள்விக்குறியையும் எடுத்துவிட்டாள். சந்தேகம் உறுதிமொழியாகிவிட்டது. பி.ஏ. படித்த நாட்களில் இதைத் துரோகம் என்று நான் வாதாடியிருக்கிறேன்.

புறநானூற்றின் 278ஆம் பாட்டை ‘வீரத்தாய்’ என்று மேடையில் முழங்கியே வீணாக்கிவிட்டோம். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்பதோடு நம் வாசிப்பு நின்றுவிடுகிறது. நச்செள்ளையார் தொடங்குவது மகிழ்ச்சியில் அல்ல, அவன் புறங்காட்டினான் என்று பலர் பேசிய பேச்சில். வாளோடு பிணங்களைப் புரட்டும் கிழவி ஊருக்கு ஒரு பதில் தேடுகிறாள்.

என் சித்தப்பா, நான் பிறப்பதற்கு முன், 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைச் சிப்பாயாக இறந்தார். அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸுகளையும் சுட்டது அந்தப் படை. 1990 மார்ச்சில் அது சென்னையில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழனைக் கொன்ற படை என்பது ஊர்ப்பேச்சு. அதில் பொய் இல்லை. அந்தப் படையில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல், தமிழர்களும் உண்டு. ஈழத்தின் சாவுகளுக்குத் தமிழில் கவிதை இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். இந்தச் சாவுக்கு நம் சிறுபத்திரிகைகளில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் பெயர்களைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

முதல் வருஷ அஞ்சலிக்கு அப்பா எழுதியதைப் பாட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். ‘யாழ்ப்பாணத்தில்’ என்று வந்ததும் நிறுத்தி, “அந்த ஊர்ப் பேரு எதுக்குடா, எடுத்துரு” என்றாள். பிறகு வருஷா வருஷம் அதே கட்டம், அதே ஸ்டூடியோ போட்டோ. எங்கே செத்தார் என்று படிக்கிறவனுக்குத் தெரியாது.

நண்பரின் குப்பையில் ஒரு சொல் குறைகிறது. அதைப் பாட்டியின் பயம் என்றோ வெட்கம் என்றோ வகைப்படுத்திவிட்டால் விமர்சகனுக்கு வேலை சுலபம். எனக்கு அது களத்துக் கிழவியின் கைக்குப் பக்கத்தில் தெரிகிறது, பதில் கிடைக்காமல் திரும்பிய கை. ஓவனின் தாயையும் இப்போது துரோகி என்று சொல்ல மாட்டேன்.

பாட்டி இன்றில்லை. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. இந்த அக்டோபரில் வாசகத்தை நீயே எழுதிக் கொடு என்கிறார். பழைய தாளையும் எடுத்துத் தந்தார். யாழ்ப்பாணத்தின் மேல் நீல மையில் இரண்டு கோடு. அடியில் சொல் நன்றாகவே படிக்க முடிகிறது. நான் இன்னும் எழுதவில்லை.