நற்சான்றுக் கடிதமும் அதன் மொழியும்

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் யாவர் என நன்னூல் வரையறுக்கின்றது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், உரைகாரன் என்போரே அவர். பாராட்டுபவன் பாராட்டப்படுபவனை அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இவ்வரையறையின் அடியில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவபீட அனுமதியை நாடும் மாணவருக்காக விஞ்ஞானப் பேராசிரியர் எழுதும் நற்சான்றுக் கடிதம் தடுமாறுவது இவ்விடத்திலேயே.

அங்குள்ள மருத்துவபீடங்கள் பல, விஞ்ஞான ஆசிரியர் இருவரின் கடிதங்களையேனும் வேண்டி நிற்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்களிலோ இரசாயனமும் உயிரியலும் நூற்றுக்கணக்கானோர் நிறைந்த மண்டபங்களிற் கற்பிக்கப்படுகின்றன. பேராசிரியர் அறிந்தது மாணவனின் புள்ளியை மட்டுமே, முகத்தையன்று. ஆகவே பெறுபேற்றுத்தாள் முன்னரே கூறியதைக் கடிதம் உரைநடையிற் பெயர்த்துக் கூறுகின்றது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, மாணவனுக்காக வாதாடாது அவனை மதிப்பிடுமாறும், பின்னணியை விளக்கும் தேவையின்றிப் புள்ளிகளைச் சேர்க்காதிருக்குமாறும் எழுதுவோரைக் கேட்கின்றது. அவ்விரண்டும் மலிந்திருந்தமையாலேயே இவ்வாறு கூற நேர்ந்தது போலும்.

மாணவர் தம் கல்விப் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமையை 1974ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிற்று. நற்சான்றுக் கடிதத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமையைத் துறக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. துறவாதவனின் கடிதம் நம்பப்படாது என்ற அச்சத்தினால், துறத்தலே வழக்கமாயிற்று. தன்னைப் பற்றிய எழுத்தைத் தான் மட்டும் வாசிக்க இயலாத நிலை அது. மறைவில் எழுதினால் உண்மை பிறக்கும் என எதிர்பார்க்கப்பட்டது; பிறந்ததோ மிகையுரை. எல்லோரும் ‘மிகச் சிறந்தோர்’ ஆகிவிட்ட இடத்தில் ‘நல்ல மாணவர்’ என்பது பழிப்பாக ஒலிக்கின்றது. அணியிலக்கணத்தார் கூறும் வஞ்சப்புகழ்ச்சிக்கு எழுதுவோனின் உள்நோக்கம் வேண்டும். இங்கு அதுவும் வேண்டியதில்லை.

மொழியின் சார்பு இன்னும் நுண்ணியது. மருத்துவபீட ஆசிரியப் பதவிகளுக்கான முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து ட்ரிக்ஸ், சென்கா என்போர் 2003இல் வெளியிட்ட கட்டுரை, பெண்களுக்கான கடிதங்கள் குறுகியிருந்தன என்றும் ஐயந்தரும் சொற்கள் அவற்றில் மிகுந்திருந்தன என்றும் காட்டிற்று. அவை மாணவருக்கான கடிதங்கள் அல்ல என்பது உண்மையே. எனினும் எழுதும் வர்க்கம் ஒன்றுதான்.

வர்க்கம் என்ற சொல் இங்கு இன்னொரு வகையிலும் பொருந்தும். பேராசிரியரின் அறைவாசலிற் காத்திருக்கவும், விடுமுறையில் ஊதியமின்றி ஆய்வுகூடத்தில் உழைக்கவும் நேரமுள்ளவன் நல்ல கடிதத்தைப் பெறுகின்றான். மாலையில் உணவகத்திற் கோப்பை கழுவிப் படிப்பவன், அதே புள்ளியைப் பெற்றும், தன்னை அறிந்த பேராசிரியர் ஒருவரைப் பெறுவதில்லை. இலங்கையில் உயர்தரப் பெறுபேறும் மாவட்ட ஒதுக்கீடுமே மருத்துவபீட வாயிலைத் திறப்பதால் ஆசிரியரின் பேனாவுக்கு வேலையில்லை. அம்முறையின் குறைகள் இங்குள்ளோர் நன்கறிந்தவை.

இவை கொண்டு கடிதத்தை முற்றாக ஒதுக்குதல் அவசர முடிபாகும். பிழைத்துப்போன சேதன இரசாயனப் பரிசோதனையொன்றின் முடிவை மறைக்காது, தன் தவறென்று தானே வந்து கூறி, மறுநாள் மீண்டும் செய்த மாணவியைப் பற்றி ஆசிரியர் ஒருவர் நான்கு வரி எழுதுவாராயின், அந்நான்கு வரிகளுக்குப் பெறுபேற்றுத்தாளில் இடமில்லை.