கல், நீர், காற்று, உயிர்: கண்டியின் நிலத்தோற்றத்தை ரசிக்கும் முறை

கண்டிக்கு வருவோர் பலர் தலதா மாளிகையையும் வாவியையும் பேராதனைப் பூங்காவையும் கண்டு திரும்புகையில், அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் நிலத்தை வெறும் பின்னணியாகவே கடந்துவிடுகின்றனர். ஆயினும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் மகாவலி கங்கை வளைந்தோட, தெற்கே ஹந்தானை மலைத்தொடர் மறித்து நிற்க அமைந்துள்ள இந்நகரம், பௌதிகப் புவியியலின் அடிப்படைகளைக் கண்ணெதிரே கற்பதற்கு ஏற்ற அரிய இடமாகும். பாறையும் மண்ணும் அடங்கியது கற்கோளம். ஆறு, ஊற்று, நிலத்தடி நீர் ஆகியன நீர்க்கோளம். காற்றும் முகிலும் இயங்குவது வளிமண்டலம். மரஞ்செடியும் விலங்கும் மனிதரும் வாழ்வது உயிர்க்கோளம். பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் விளக்கும் இந்நான்கு தொகுதிகளும் இயற்கையில் தனித்து இயங்குவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீரும் பொருளும் வெப்பமும் இடையறாது கடந்து செல்கின்றன. அக்கடத்தல் நிகழும் இடங்களை இனங்காணப் பழகுவதே நிலத்தோற்றத்தை ரசிப்பதற்கான முதற்பயிற்சி.

கல்லிலிருந்து தொடங்குதல்

முதலில் பார்க்க வேண்டியது, வீதிக்காக வெட்டப்பட்ட மலைச்சரிவின் முகம். கண்டியைச் சூழ்ந்துள்ள பாறைகள் உருமாறிய பாறைகள். அதாவது, முன்னரே இருந்த பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுக்கத்துக்கும் உட்பட்டு, உருகாமலே புதிய கனிமங்களாக மாறியவை. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில், 20 கிலோமீற்றருக்கும் மிகுந்த ஆழத்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது. இன்று அப்பாறையைக் கையால் தொட முடிகிறது என்றால், அதன்மேல் கிடந்த அத்தனை தடிப்பையும் மழையும் ஆறும் சிறிது சிறிதாக அகற்றியுள்ளன என்பது பொருள். கருமையும் வெண்மையுமாக மாறிமாறி ஓடும் பட்டைகளையும், அவற்றினிடையே செம்புள்ளிகளாகத் தெரியும் கார்னெட் மணிகளையும் உற்றுநோக்குபவர் அந்த ஆழத்தின் சான்றையே காண்கிறார். இப்பகுதியில் கிடைக்கும் சார்னோக்கைட் என்னும் கரும்பாறை சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள பாறையின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தவற்றைப் பின்னர் கடல் பிரித்தது என்பதை இவ்வுறவு நினைவூட்டுகிறது.

பாறைகள் எல்லாம் ஒரே வகையாகத் தேய்வதில்லை. படிகக்கல் மழைநீரின் வேதித்தாக்கத்தை எதிர்த்து முகடாக நிற்க, திகனைப் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புப் பளிங்கு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துச் சற்று அமிலத்தன்மை பெற்ற நீரில் மெல்லக் கரைகிறது. இவ்வாறு காற்றும் நீரும் வெப்பமும் பாறையை இருந்த இடத்திலேயே சிதைப்பதை வானிலையாலழிதல் என்பர். சிதைந்த பொருள் இடம்பெயர்க்கப்படுவது அரிப்பு. மலையகத்தின் செம்மண் முன்னதன் விளைவு, மழைக்குப் பின் மகாவலி கொள்ளும் செந்நிறம் பின்னதன் விளைவு.

ஏற்றத்தைக் கண்ணால் அளத்தல்

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் திறக்கப்பட்ட ரயில் பாதை, நிலத்தின் படிக்கட்டு அமைப்பை உணர்வதற்கு மிகச் சிறந்த வழியாகும். ரம்புக்கணை வரை தாழ்நிலத்தில் ஓடும் ரயில், அங்கிருந்து அலகல்லை மலையின் பக்கமாகச் செங்குத்தான சரிவைப் பற்றி ஏறி, கடுகண்ணாவையில் திடீரென மேட்டுநிலத்தின் விளிம்பை அடைகிறது. இலங்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்கள் இருப்பதை 1929இல் எடுத்துரைத்த கனடிய நிலவியலாளர் பிராங்க் டோசன் அடம்ஸ், அவற்றை ஆறரித்த சமவெளிகள் என்று கருதினார். நெடுங்காலம் ஆறுகளால் அரிக்கப்பட்டு ஏறத்தாழ மட்டமாக்கப்பட்ட நிலத்துக்கே அப்பெயர். நிலவியலாளர் டி. என். வாடியா 1940களில், நிலத்துண்டுகள் பிளவுகளின் வழியே மேலுயர்ந்ததாலேயே இத்தளங்கள் உண்டாயின என்று விளக்கினார். எவ்விளக்கத்தைக் கொண்டாலும், கண்டி மேட்டுநிலம் நடுத்தளத்தில் அமைந்துள்ளது என்பதைப் பயணி தம் கண்ணாலேயே உறுதிசெய்யலாம். ரயிலில் செல்பவர் பலன என்னும் இடத்தைக் கடக்கையில் பள்ளத்தாக்கு தெரியும் பக்கத்தில் அமர்ந்து, மரங்களும் காற்றின் வெம்மையும் மாறுவதைக் கவனித்தால், உயரம் என்பது வெறும் எண்ணாக இராது. சராசரியாக 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது.

மழை வரும் திசையை அறிதல்

கண்டியின் வானத்தை ரசிக்க விரும்புபவர் ஆண்டின் நான்கு பருவங்களை மனத்தில் கொள்ள வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, மலைகளின் மேற்குச் சரிவில் மோதி எழுந்து குளிர்ந்து, ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறது. அச்சரிவிலுள்ள வட்டவளை போன்ற இடங்கள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிய மழையைப் பெறுகையில், கண்டி நகரம் 2,000 மில்லிமீற்றர் அளவிலேயே பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று வீசும் காலத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்கு முகம் நனைகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலையில் சூடேறிய தரையிலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமழையாகப் பொழிகிறது. இதனை மேற்காவுகை மழை என்பர். இப்பருவத்தில் முற்பகல் முதல் ஹந்தானையின் முகட்டை நோக்கியிருப்பவர், சிறு வெண்முகில் ஒன்று கருமுகிலாகத் திரண்டு உயர்வதைச் சில மணி நேரத்தில் முழுமையாகக் காணலாம்.

ஆற்றை வாசித்தல்

இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்கருகே கடலில் கலக்கிறது. 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியல் பூங்கா இவ்வாற்றின் வளைவொன்றுக்குள்ளேயே அமைந்திருப்பதால், பூங்காவின் ஓரமாக நடப்பவர் ஆற்றின் தொழிலை அருகிருந்து பார்க்க முடியும். வளைவின் வெளிக்கரையில் வேகமாக ஓடும் நீர் கரையை அரிக்க, உட்கரையில் வேகம் குன்றிய நீர் மணலையும் வண்டலையும் இறக்கிவிட்டுச் செல்கிறது. நீர் வற்றிய மாதங்களில் ஆற்றுப்படுக்கையில் தலைகாட்டும் பாறைகள், கீழிருக்கும் கல்லே ஆற்றின் போக்கைப் பல இடங்களில் தீர்மானிக்கிறது என்பதைக் காட்டுகின்றன.

இன்றைய மகாவலி மனிதர் கைபட்ட ஆறும்கூட. 1976இல் நிறைவெய்திய பொல்கொல்லை அணைக்கட்டு அதன் நீரில் ஒரு பங்கைச் சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு அனுப்ப, அந்நீர் அம்பன் கங்கையின் வழியே உலர்வலயத்து வயல்களை எட்டுகிறது. 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையின் நீருக்கடியில் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. அழகெனப் போற்றப்படும் கண்டி வாவியும், வயல்நிலமாக இருந்த பள்ளத்தில் 1807ஆம் ஆண்டளவில் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தேக்குவித்த நீரே.

பச்சையின் வேறுபாடுகள்

மலைகளின் பச்சை ஒரே பச்சையன்று. தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தைக் காட்டில் பல அடுக்கு இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்க, உதிர்ந்த சருகு நீரை உறிஞ்சி மெல்ல மண்ணுக்குள் விடுகிறது. ஹந்தானையின் பைன் தோட்டங்களில் கீழ்த்தாவரம் குறைவு. தேயிலைச் சரிவில் மண்ணைக் காப்பது செடியின் நெருக்கமும் தொழிலாளர் வெட்டிய கான்களும் ஆகும். மழை ஓய்ந்தவுடன் காட்டிலிருந்து வரும் ஓடையையும், வெட்டப்பட்ட சரிவிலிருந்து வரும் ஓடையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், உயிர்க்கோளம் கற்கோளத்துக்குச் செய்யும் காவல் நீரின் நிறத்திலேயே விளங்கும். இச்சரிவுகளைத் தேயிலை மூடியதற்கும் உயிர்க்கோளமே ஒரு காரணம். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சையின் வேலை. அது முன்னர் இங்கு விளைந்த கோப்பிப் பயிரை அழித்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலைச் செய்கை மலைகளை மூட வழிவகுத்தது. அம்மலைகளைத் திருத்திய உழைப்பு தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருடையது. ஆகவே இந்நிலத்தோற்றத்தைப் பார்க்கும் எவரும் அவர்களது உழைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரசனையும் எச்சரிக்கையும்

மலையைச் செதுக்கும் அதே விசைகள் மனிதரைக் கொல்லவும் வல்லவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையில், கண்டி மாவட்டத்தின் சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து பலரின் உயிரைக் குடித்தன. சிதைந்த மண்படை மழைநீரை உறிஞ்சிக் கனக்கிறது. துளைகளில் நிறைந்த நீரின் அழுக்கம் மண்துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. அடியிலுள்ள பாறை சரிவின் திசையிலேயே சாய்ந்திருந்தால், வழுக்கும் பரப்பு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது. தரையிலும் சுவரிலும் தோன்றும் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவை மண்சரிவின் முன்குறிகள். இக்குறிகளைக் கண்டவர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலை எதிர்பார்த்துக் காத்திராமல் பாதுகாப்பான இடத்துக்கு உடனே நகர வேண்டும்.

ஒரே இடத்தை வறண்ட மாதத்தில் ஒருமுறையும் இடைப்பருவ மழைக்காலத்தில் ஒருமுறையும் பார்த்து, ஊற்று எங்கே சுரக்கிறது, ஓடை எந்நிறத்தில் ஓடுகிறது, பாறை எத்திசையில் சாய்ந்துள்ளது என்று குறித்துவைக்கும் பழக்கம், பாடசாலை மாணவருக்கும் இயலும் எளிய பயிற்சியாகும். அவ்வாறு பழகிய கண்ணுக்கு மலை கூடுதல் அழகுடன் தெரிவதோடு, எந்தச் சரிவை வெட்டலாகாது, எந்தக் காட்டை அழிக்கலாகாது, தோட்டத் தொழிலாளரின் எந்த லயன் குடியிருப்பைக் காலதாமதமின்றி இடம் மாற்ற வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும். நிலத்தை அறிந்து ரசிப்போர் பெருகினால், அந்நிலத்தில் வாழ்வோரின் பாதுகாப்புக்காகக் குரல் கொடுப்போரும் பெருகுவர்.