யோபுவின் கையெழுத்து

"யோபுவைப் போலப் பொறுமையா இரும்மா, கர்த்தர் நியாயஞ் செய்வார்." எங்கள் வீட்டுக்குள் இந்த வாக்கியத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் ஐயர். (திருநெல்வேலிப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் குழம்புவதுண்டு.) 1996ஆம் வருடம். என் அம்மா பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் டீச்சராக இருந்தவள். மாதம் பிறந்தால் சம்பளப் பதிவேட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி 1,200 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடவேண்டும். கவரில் 500 ரூபாய் இருக்கும். எல்லா டீச்சர்களும் போட்டார்கள், அம்மாவும் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் போடமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். அடுத்த மாதம் வேலை இல்லை. பள்ளியின் கரஸ்பாண்டென்ட் எங்கள் சபையின் கமிட்டியிலும் இருந்தார். ஆலயத்தில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார்.

அம்மா மனு எழுதினாள். கல்வி அதிகாரிக்கு ஒன்று, சபை மேலிடத்துக்கு ஒன்று. அதற்குப் பிறகுதான் ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு யோபுவைச் சொன்னார். அம்மா காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: "யோபு எங்கய்யா பொறுமையா இருந்தான்? மூணாம் அதிகாரத்துக்கு அப்புறம் நீங்க வாசிக்கவே இல்லியா?"

எனக்கு அப்போது பதினாறு வயது. அந்தக் கேள்விக்காகத்தான் யோபுவை முதன்முதலில் முழுசாக வாசித்தேன். அதன்பிறகு பலமுறை வாசித்துவிட்டேன். இன்று ஆலயத்துக்குப் போவது அம்மாவுக்குத் துணையாக மட்டுமே. ஆனால் அநீதிக்கு ஆளானவன் கடவுளின் நீதியை நம்புவது என்றால் என்ன என்பதற்கு, நான் வாசித்தவற்றில் இந்தப் பிரதியைவிட நேர்மையான ஒன்று இல்லை. நம் பிரசங்க மேடைகள் அதை வாசிக்கும் விதத்தைப் பற்றி எனக்கு இருக்கும் புகாரும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பழையது.

யோபு புத்தகத்தில் 42 அதிகாரங்கள். முதல் இரண்டும் கடைசி அதிகாரத்தின் பெரும்பகுதியும் உரைநடை. நடுவில் இருப்பது கவிதை. பிரசங்கங்களில் வரும் யோபு அந்த உரைநடை யோபுதான். ஆடுமாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்தும் கடவுளைத் தூஷிக்காமல், சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் புண்ணைச் சுரண்டுகிறவன். மூன்றாம் அதிகாரத்தில் அவன் வாயைத் திறக்கிறான், முதல் காரியமாகத் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அங்கிருந்து 31ஆம் அதிகாரம்வரை அவன் விட்டுவிட்டுப் பேசுவதில் பொறுமை என்று சொல்லத்தக்கது எனக்கு எதுவும் அகப்படவில்லை. கோபம் இருக்கிறது, கேலி இருக்கிறது, தன்னை விட்டு அப்பால் போகும்படி கடவுளிடமே ஒரு மன்றாட்டு இருக்கிறது.

நண்பர்கள் மூவர். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாட்கள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. பேச ஆரம்பித்ததும் அவர்களுக்கு ஒரே தர்க்கம்தான்: கடவுள் நீதியுள்ளவர், நீ துன்பப்படுகிறாய், ஆகவே நீ தப்புச் செய்திருக்கிறாய். அவர்கள் சொல்கிற வாக்கியங்களைத் தனித்தனியாக எடுத்தால் அத்தனையும் அழகு. கிறிஸ்தவக் காலண்டர்களில் அச்சடிக்கலாம், அடித்தும் இருக்கிறோம். தொடக்கம் சிறிதாக இருந்தாலும் முடிவு பெரிதாகும் என்ற பொருளில் ஒரு வசனம் உண்டு. கடைத் திறப்புவிழா அழைப்பிதழிலிருந்து ஆட்டோவின் முதுகுவரை அதைப் பார்க்கலாம். எட்டாம் அதிகாரம். சொன்னவன் பில்தாத். அதற்கு மூன்று வசனம் முன்னால் அவன், உன் பிள்ளைகள் செத்தது அவர்கள் பாவத்தால்தான் என்கிற மாதிரி அந்தத் தகப்பன் முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறான். துன்பப்படுகிறவனிடம் நல்ல வசனம் சொல்வது எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதை இந்தப் புத்தகம் அறிந்திருக்கிறது. வசனத்தை வெட்டி எடுத்துக்கொண்ட நாம்தான் அறியவில்லை.

யோபு அவர்களோடு வாதாடுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிடுகிறான். அவனுக்கு வேண்டியது கடவுள். அதுவும் ஆறுதலுக்காக அல்ல, வழக்காட. அவன் பேச்சு முழுக்கக் கோர்ட்டுச் சொற்கள். எங்கள் இருவர்மேலும் கைவைக்க ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்று ஒன்பதாம் அதிகாரத்தில் ஏங்குகிறான். அவர் இருக்குமிடம் தெரிந்தால் நேரே போய் வழக்கை எடுத்துவைப்பேன் என்று 23இல் சொல்கிறான். 19ஆம் அதிகாரத்தில் வரும் 'மீட்பர்' கல்லறைகளில் அதிகம் பொறிக்கப்படும் சொல். அதன் எபிரேய மூலம் 'கோஏல்'. குடும்பத்தில் ஒருவன் நிலத்தை இழந்தால் மீட்டுக் கொடுக்கவும், கொலையுண்டால் பழிவாங்கவும் கடமைப்பட்ட நெருங்கிய உறவுக்காரன். ரூத்தின் கதையில் போவாஸ் செய்வது அந்த வேலைதான். எனக்காக வந்து நிற்க ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்கிறான் யோபு. மண்ணில் ஒரு சொந்தக்காரனும் வராதபோது சொல்கிறான்.

இந்த வழக்கு முடிகிற இடம் 31ஆம் அதிகாரம். புத்தகத்தின் உச்சம் என்று நான் நினைப்பது பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசும் அதிகாரங்களை அல்ல, இதைத்தான். அங்கே யோபு வரிசையாக ஆணையிடுகிறான்: நான் இன்னது செய்திருந்தால் எனக்கு இன்னது நேரட்டும். அந்த வரிசையில் ஒரு இடம். என் வேலைக்காரனோ வேலைக்காரியோ என்மேல் புகார் கொண்டுவந்தபோது அதை நான் தட்டிவிட்டிருந்தால், கடவுள் விசாரிக்கும்போது என்ன பதில் சொல்வேன்? அவனையும் என்னையும் கர்ப்பத்தில் உருவாக்கினவர் ஒருவர்தானே? எவ்வளவு பழைய புத்தகம்! அதில் ஒரு முதலாளி, தன் ஆட்களின் புகாரைக் கேட்டதைத் தன் நீதிக்குச் சாட்சியாக வைக்கிறான். அதிகாரத்தின் முடிவில், நிலத்தின் பலனைக் காசு கொடுக்காமல் தின்றிருந்தால் கோதுமைக்குப் பதிலாக முள் முளைக்கட்டும் என்கிறான். இடையில், 35ஆம் வசனத்தில், எபிரேயத்தில் இரண்டே சொற்களில், இதோ என் கையெழுத்து என்கிறான். சர்வவல்லவர் பதில் தரட்டும், எதிராளி குற்றப்பத்திரிகை எழுதித் தரட்டும். கையெழுத்துக்கு அங்கே இருக்கும் சொல் 'தௌ', எபிரேய அகரவரிசையின் கடைசி எழுத்து. பழைய எழுத்துமுறையில் அது ஒரு பெருக்கல் குறி, கைநாட்டு மாதிரி. நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்தக் கையெழுத்து காணாமல் போய்விட்டது. ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் பதிப்பிலும் இல்லை. பொய்த் தொகைக்குக் கையெழுத்துப் போட மறுத்து, மனுவில் கையெழுத்துப் போட்ட ஒருத்தியின் மகனுக்கு அது காணாமல் போனது சின்ன விஷயமாகப் படவில்லை.

கடவுள் பேசுவதை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். காட்டுக்கழுதையும் தீக்குருவியும் லிவியாதானும் வரும் அந்தக் கவிதை மகத்தானது, ஆனால் யோபு கேட்ட கேள்விக்கு அதில் பதில் கிடையாது. பதில் இருக்கிறது என்று நிறுவப் பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை நிறுத்துவது அதற்கடுத்து 42:7இல் வரும் தீர்ப்பு. கடவுள் எலிப்பாஸைக் கூப்பிட்டு, உங்கள் மூன்று பேர்மேலும் எனக்குக் கோபம், என் ஊழியன் யோபு பேசினதுபோல நீங்கள் பேசவில்லை என்கிறார். இந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு பயன்படுத்தும் சொல் 'நிதானமாய்'. பழைய தமிழில் நிதானம் என்றால் துல்லியம், சரியானது. எபிரேயச் சொல்லின் பொருளும் அதுதான். இன்றைய காதுக்கோ நிதானம் என்றால் பதறாமல், சத்தம்போடாமல். ஆக, சத்தம்போட்டவன் சரியாகப் பேசினான் என்று கடவுள் சான்று தருகிற அதே வசனம், அவன் அமைதியாகப் பேசினான் என்று நம் ஆலயங்களில் கேட்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல முடியாது, சொல் அவர்கள் காலத்துக்குப் பிறகு நகர்ந்துவிட்டது. நமக்கு வசதியான பக்கமாகவே நகர்ந்தது.

முடிவில் யோபுவுக்கு எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. ஆசீர்வாதப் பிரசங்கங்களுக்குப் பிடித்த இடம். யாத்திராகமம் 22இல் இரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்கவேண்டியவன் யார் என்று பார்த்தால், பிடிபட்ட திருடன். இந்த ஒப்புமையைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். கதை சொன்னவர் நினைத்தே வைத்தாரா என்று எனக்குத் தீர்மானமில்லை, ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் மறக்க முடிவதில்லை. பிள்ளைகள் மட்டும் இரண்டு மடங்கு ஆகவில்லை. மறுபடியும் ஏழு மகன், மூன்று மகள். "செத்த பிள்ளைக்குப் பதிலுக்குப் பிள்ளை வந்தா ஆச்சா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அவள் கேட்டது என்னிடமா புத்தகத்திடமா என்று தெரியவில்லை.

அப்படியானால் 'யோபுவின் பொறுமை' எங்கிருந்து வந்தது? யாக்கோபின் நிருபம், ஐந்தாம் அதிகாரம், 11ஆம் வசனம். அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்கு விடாமல் தாங்கி நிற்பது என்பது நெருக்கமான பொருள். வாயை மூடுவது அதில் இல்லை. அதே அதிகாரத்தில் ஏழு வசனம் மேலே போனால், வயலறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டிவிட்டது என்று யாக்கோபு பணக்காரர்களைப் பார்த்துக் கத்துகிறார். பிடித்துவைத்த கூலிக்காக மனு எழுதினவளுக்கு 11ஆம் வசனம் சொல்லப்பட்டது. கரஸ்பாண்டென்டுக்கு யாரும் 4ஆம் வசனம் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

இவ்வளவு சொன்னபிறகு எனக்கு இடைஞ்சலான ஒரு பகுதிக்கு வந்தாகவேண்டும். பேதுருவின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம். முரட்டு எஜமான்களுக்கும் கீழ்ப்படியுங்கள், அநியாயமாக அடிபட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், கிறிஸ்து பதிலுக்கு வையாமல் நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவரிடம் தன்னை ஒப்படைத்தார் என்கிறது. யோபுவை வைத்து இதை மழுப்ப எனக்கு மனமில்லை. இது வீட்டு அடிமைகளுக்கு எழுதப்பட்டது. ரோமப் பேரரசில் ஓர் அடிமைக்குப் போய் நிற்க ஏறக்குறைய எந்தக் கோர்ட்டும் கிடையாது. மனு எழுத ஆளும் இல்லை, முகவரியும் இல்லை. அப்படிப்பட்டவனிடம், உன் வழக்கு ஒரு மேசையில் இருக்கிறது, உன் எஜமானின் வெறுப்பை நீயும் சுமக்க வேண்டாம் என்று சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் நிருபம் எஜமானின் கையில் கிடைத்ததும் அதே வாக்கியம் வேறொன்றாகிவிடுகிறது. அந்தக் கிறிஸ்துவே பிரதான ஆசாரியன் முன்னால் கன்னத்தில் அறைபட்டபோது, நான் தப்பாகப் பேசியிருந்தால் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று அடித்தவனைக் கேட்டதாக யோவான் எழுதியிருக்கிறார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரின் கேள்வி இது.

தமிழில் இந்த இடத்தைத் தொட்ட புத்தகம் என்று நான் எடுப்பது 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'. ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை செய்யலாம் என்று கன்னியர் மடத்துக்குப் போய், அங்கேயும் சாதியைக் கண்டு வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் தன்கதை. பனங்கருக்கின் இருபக்க அறுப்பை எபிரெயர் நிருபத்தின் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு பாமா சேர்த்து வைக்கிறார். தாழ்மை, கீழ்ப்படிதல் என்றே ஓதப்பட்டு, அநீதியைக் கண்டு கோபப்படும் கடவுள் தங்களிடமிருந்து மறைக்கப்பட்டதாக அவர் வைக்கும் குற்றச்சாட்டு அந்நூலின் நடுநரம்பு. 'கருக்கை' சாதி எதிர்ப்பு நூலாக நிறையப் பேசியிருக்கிறோம், நியாயம்தான். அதை விசுவாசத்தின் நூலாக வாசித்தது குறைவு. சபையை விட்டு வெளியே வந்த பிறகும் பாமா கடவுள்மேலான வழக்கை வாபஸ் வாங்கவில்லை, சபைக்கு எதிராக அவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். யோபு செய்ததும் அதுதானே.

அம்மாவின் மனுக்களுக்குப் பதில் வரவில்லை. ஒன்று, பெற்றுக்கொண்டதற்கான அட்டை மட்டும் வந்தது. அவள் வீட்டில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். ஆலயத்தில் பெஞ்சை மாற்றவில்லை. கரஸ்பாண்டென்ட் ஒவ்வொரு ஞாயிறும் அவளைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. சில வருடம் கழித்து அவர் பேரனே டியூஷனுக்கு வந்தான். நான் குதித்தேன். "பழிவாங்குறது அவரு வேலைன்னு எழுதியிருக்குல்லா? அவரு பாத்துக்கிடட்டும். பிள்ளைக்குக் கணக்கு வரணும்" என்றாள். பீஸில் ஒரு பைசா குறைக்கவில்லை. அவருக்கு எந்தத் தண்டனையும் வந்ததாக எனக்குத் தெரியாது. நல்ல சாவு, பெரிய கூட்டம். அம்மாவும் போயிருந்தாள். இதில் கடவுளின் நீதி எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவளிடம் கேட்டபோது, "கேஸ் முடிஞ்சுதுன்னு உன்கிட்ட யாரு சொன்னா?" என்றாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். புது ஐயர், இளைஞர், நன்றாகப் பேசுகிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 16. பிலிப்பி ஊரில் விசாரணையில்லாமல் அடிபட்ட பவுலும் சீலாவும் நடுராத்திரியில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்ட நிலையில் பாடுகிறார்கள், சிறைச்சாலை அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன. அநியாயத்தின் நடுவிலும் துதிக்கிறவனுக்குக் கர்த்தர் கதவைத் திறப்பார் என்று முடித்து, எல்லாரையும் எழுந்து பாடச் சொன்னார். மறுநாள் காலையில் அதிகாரிகள் ரகசியமாய்ப் போகச் சொல்லி ஆளனுப்பும்போது, ரோமக் குடிமக்களான எங்களை எல்லாருக்கும் முன்பாக அடித்துவிட்டு இப்போது ரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோகட்டும் என்று பவுல் மறுப்பதுவரை அவர் போகவில்லை. சபை எழுந்து நின்றது. அம்மா எழவில்லை. முழங்கால் வலி என்று நினைத்துக் கைகொடுக்கப் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வரியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். 37ஆம் வசனம் முடிந்த பிறகு என் கையைப் பிடித்து எழுந்தாள்.