நீக்கப் பட்டியலை யார் வாசிப்பது?

லினக்ஸில் பொதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், பொதிகளை நிறுவும் ‘ஆப்ட்’ கருவி கேட்பதற்கெல்லாம் ‘ஒய்’ தட்டிவிடுவதே நம்மில் பலரின் வழக்கம். அதில் நியாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

முதலில் நியாயம். 1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியனில், ஒவ்வொரு பொதியும் தனக்கு எவை தேவை, எவற்றோடு ஒத்துவராது என்பதை அறிவித்தாக வேண்டும். 1999இல் டெபியன் 2.1 உடன் வந்த ஆப்ட், அந்த அறிவிப்புகளை வைத்துத் தேவையானவற்றைத் தானே தேடி நிறுவுகிறது. கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் மாணவர் சார்புப் பொதிகளை ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே பதிப்பின் களஞ்சியத்தை நம்பியிருக்கும்வரை முட்டல் அரிது.

வேறு பதிப்புக்காகக் கட்டிய டெப் கோப்பை நண்பரின் பென் டிரைவிலிருந்து நிறுவும்போதோ, டெபியனிலிருந்து வந்த உபுண்டுவில் வெளியார் களஞ்சியமான பிபிஏ ஒன்றைச் சேர்க்கும்போதோதான் சிக்கல் தொடங்குகிறது. உடனே எல்லோரும் சொல்லும் மருந்து ஆப்டின் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’. அது சார்புகளைச் சீராக்கும். அதற்காக நமக்கு வேண்டிய மென்பொருளையே நீக்கவும் செய்யலாம். நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய வேலை அந்த மென்பொருளில்தான் இருக்கிறது என்பது ஆப்டுக்குத் தெரியாது.

2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப்போய், டெஸ்க்டாப் சூழலையே இழந்தார். ஆப்ட் எச்சரித்தது, அவர் சம்மதத்தைத் தட்டச்சு செய்தார். குற்றத்தைப் பயனர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நீளமான பட்டியலுக்குள் புதைந்த எச்சரிக்கை யார் கண்ணில் படும்? அதன் பிறகு, அடிப்படைப் பொதிகளை எளிதில் நீக்க முடியாதபடி ஆப்டை இறுக்கினார்கள்.

கண்ணை மூடிச் சம்மதிப்பதைவிட மோசமானது, ஆப்டுக்கு அடியில் இயங்கும் ‘டிபிகேஜி’யை வற்புறுத்தி நிறுவுவது. ஒரு பொதியின் கோப்பை இன்னொன்று மேலெழுத, முரண் தீராமல் மறைகிறது. அடுத்த மேம்படுத்தலில் மீண்டும் தலைதூக்கும்.

2023இல் வந்த டெபியன் 12, கணினியின் பைதானுக்குள் பைதான் பொதிகளை நிறுவும் ‘பிப்’ நேரடியாக நிறுவுவதைத் தடுத்துத் தனிச் சூழலைக் கேட்டது. மாணவருக்கு இது எரிச்சல்தான். ஆனாலும் முட்டலை முளையிலேயே தடுப்பதால் இதுவே சரியான திசை.

ஆகவே ஆய்வுகூடங்களில் நிறுவும் கட்டளைக்கு முன்பே ‘-எஸ்’ ஒத்திகையைக் கற்பிக்க வேண்டும். எவை நீங்கும் என்று அது காட்டிவிடும், எதையும் தொடாது. வேண்டியது ஒன்று அதில் இருந்தால் நிறுவாமல் நிறுத்திவிட்டு, ‘ஆப்ட் பாலிசி’யால் அந்நியப் பதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். கணக்கை ஆப்ட் போடட்டும். எதை இழக்கலாம் என்ற முடிவு நம்முடையது.