சிரித்தது யார்?

2022 ஜூலையில் 'தோர்: லவ் அண்ட் தண்டர்' வெளியான வாரம், அத்தைக்கு நான்காவது கீமோ முடிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. வீட்டிலிருந்தே வேலை என்பதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடிக்க நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரமும் அத்தை ஏதாவது ஜோக் அடித்துக்கொண்டே இருப்பார். முடி கொட்டியதைப் பற்றி நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "விடும்மா, ஷாம்பு செலவு மிச்சம்" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அத்தை பையனை இழுத்துக்கொண்டு படத்துக்குப் போனேன். வேலை, மருத்துவமனை தவிர வேறெங்கும் அவன் போய் மாதக்கணக்காகியிருந்தது. 2017-ல் வந்த 'தோர்: ரக்னராக்' எங்கள் இருவருக்கும் மனப்பாடம். அதே இயக்குநர் டைக்கா வைடீடி, அதே கிறிஸ் ஹெம்ஸ்வொர்த். கொஞ்சம் சிரித்துவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம். படம் முடிந்து பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போது அவன் சொன்னது ஒரே வரி: "ஜோக் ஜாஸ்திடா."

அந்த வாரம் உலகம் முழுக்க மார்வெல் ரசிகர்கள் சொன்னதும் அதே வரிதான். எனக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். ஐந்து வருடத்துக்கு முன்பு இதே ஜோக்குகளுக்காகத்தானே அந்த இயக்குநரைக் கொண்டாடினோம்?

*

என் வேலையில் தினமும் பக் ரிப்போர்ட் படிக்கிறேன். "பக்கம் ஸ்லோவா இருக்கு, சர்வரை மாத்துங்க" என்று ஒருவர் எழுதுவார். போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்கு இண்டெக்ஸ் போடாமல் விட்டிருப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சீனியர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: பயன்படுத்துகிறவர் சொல்லும் வலி எப்போதும் உண்மை, அவர் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் தப்பு. ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் கூடாது, அதில் இருப்பதை அப்படியே செய்யவும் கூடாது.

ரசிகர்களின் புகாரையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "ஜோக் ஜாஸ்தி", "ரொம்ப இருட்டு" என்பதெல்லாம் வலி இருக்கும் இடத்தைக் காட்டும் வார்த்தைகள். காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ரிப்போர்ட்டை அப்படியே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு டிசி படங்களே சாட்சி. 2016-ல் ஸாக் ஸ்னைடரின் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' வந்தபோது, படம் இருட்டாக இருக்கிறது, ஒருவர் முகத்திலும் சிரிப்பே இல்லை என்று புகார் எழுந்தது. அடுத்தது 'ஜஸ்டிஸ் லீக்'. 2017-ல் மகளின் மரணத்துக்குப் பிறகு ஸ்னைடர் விலக, ஜாஸ் வீடன் வந்து ரீஷூட் செய்தார். இரண்டு மணி நேரப் படம், பளிச்சென்ற வண்ணம், இடையிடையே பன்ச் ஜோக்குகள். கேட்டதெல்லாம் கிடைத்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. அதன் பிறகு அதே ரசிகர்களில் ஒரு பகுதியினர் வருடக்கணக்கில் போராடி, 2021-ல் ஸ்னைடரின் நான்கு மணி நேர வடிவத்தை வெளியிட வைத்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வெளிச்சத்தில் இல்லை. சைபார்க்கைப் பாருங்கள். விபத்தில் செத்துப்போக வேண்டிய மகனைப் பாதி இயந்திரமாக்கிப் பிழைக்க வைத்தவர் அவன் அப்பா. அதற்காகவே மகன் அவரை வெறுக்கிறான். 2021 வடிவத்தில் அந்த அப்பா மகன் கண்ணெதிரே எரிந்து சாம்பலாகிறார். மன்னிக்கவோ மன்னிப்புக் கேட்கவோ இனி ஆள் இல்லை. 2017 வடிவத்தில் அவர் சாவதில்லை, கடைசியில் இருவரும் சமாதானமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஸ்னைடரின் நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அதில் ஒரு மரணம் மரணமாக இருந்தது. கூட்டம் கேட்டது அதைத்தான் என்று தோன்றுகிறது.

*

'லவ் அண்ட் தண்டர்' படத்துக்குத் திரும்புகிறேன். ஜேன் ஃபாஸ்டருக்கு நான்காம் கட்டப் புற்றுநோய். நடாலி போர்ட்மேன் கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் ஜேன் எழுதிய புத்தகத்தையே படித்துக்கொண்டிருக்கிறார். ஜேன் அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்து, பிரபஞ்சத்தின் இரண்டு முனைகளை இணைக்கும் பாலம் எப்படியிருக்கும் என்று விளக்குகிறார். தியேட்டரில் அத்தை பையன் வாய்விட்டுச் சிரித்தது அந்த இடத்தில்தான். எனக்கும் அத்தை ஞாபகம் வந்தது. கீமோ வார்டு அப்படித்தான் இருக்கும். ஆக, நோய்க்குப் பக்கத்தில் ஜோக் வந்தது பிரச்சினை இல்லை.

2016-ன் 'டெட்பூல்' இதற்கு இன்னும் நல்ல உதாரணம். அங்கேயும் நாயகனுக்குப் புற்றுநோய். நோய் தெரிந்த பிறகும் வேட் வில்சன் வாயை மூடுவதில்லை, நிமிஷத்துக்கு நாலு ஜோக். அதை யாரும் அவமரியாதை என்று சொல்லவில்லை. வலிக்கிறவனே சிரிக்கிறான். ஒரு ராத்திரி காதலியிடம் சொல்லிக்கொள்ளாமல் அவன் கிளம்பிப் போகும்போது, அந்தச் சிரிப்பு இத்தனை நேரம் எதை மூடிவைத்திருந்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

தோரில் நடப்பது வேறு. ராட்சத ஆடுகள் இரண்டு தோரின் படகை இழுக்கின்றன, மனிதர் அலறுவதுபோல் கத்துகின்றன. முதல் தடவை தியேட்டரே சிரித்தது. மூன்றாவது தடவை அத்தை பையன் போனை எடுத்துவிட்டான். அந்த ஆடுகளுக்கு எதுவும் வலிக்கவில்லை. ஜேனுக்கும் தோருக்கும் நடுவே கனமாக ஏதாவது வரும்போதெல்லாம் படம் அங்கே நிற்கப் பயந்து வேறு பக்கம் ஓடுகிறது. அந்த ஜோக்குகள் பாத்திரங்களுடையவை அல்ல, இயக்குநருடையவை. மிகையாகச் சொல்லவில்லை: கல்லால் ஆன கோர்க் என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுப்பவர் வைடீடியேதான். 'ரக்னராக்' முடிவில் அஸ்கார்ட் வெடித்துச் சிதறும்போது அதைப் பார்த்து ஜோக் அடித்ததும் இதே கோர்க். அப்போது அவன் ஓரத்தில் நின்றவன். நாட்டை இழந்த தோர் கப்பலின் கண்ணாடி வழியே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த ஜோக் தாங்கியது. 'லவ் அண்ட் தண்டர்' படத்திலோ கதைசொல்லியே கோர்க்தான்.

இதைவிட என்னை உறுத்தியது படத்தின் முதல் காட்சி. பாலைவனத்தில் கோர் என்ற பக்தன் (கிறிஸ்டியன் பேல்) சாகக் கிடக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். மகள் செத்துப்போகிறாள். பிறகு அவன் தன் கடவுளையே நேரில் சந்திக்கிறான். நொந்துபோய் நிற்கும் அந்த அப்பனைப் பார்த்துக் கடவுள் சிரிக்கிறார். கோர் கடவுள்களைக் கொல்லக் கிளம்புவது அந்தச் சிரிப்பிலிருந்துதான். அதாவது, துக்கத்தைப் பார்த்துச் சிரிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்லித்தான் படமே ஆரம்பிக்கிறது. அதன் பிறகு இரண்டு மணி நேரம் அந்தக் கடவுள் செய்ததையே படமும் செய்கிறது. "ஜோக் ஜாஸ்தி" என்ற ரிப்போர்ட்டுக்கு அடியில் நான் கண்டுபிடித்த பக் இதுதான். ஜோக்கை எண்ணிப் பிரயோஜனம் இல்லை. சிரித்தது யார், யார் பக்கம் நின்று சிரித்தார் என்பதுதான் கேள்வி.

*

ரசிகர்கள் எல்லோரும் நியாயவான்கள் என்று சொல்ல வரவில்லை. 2019-ல் 'கேப்டன் மார்வெல்' வெளியாவதற்கு முன்பே அதைத் திட்டித் தீர்த்த கூட்டம் ஒன்று இருந்தது. பார்க்காத படத்தின் தொனியைப் பற்றி என்ன புகார் இருக்க முடியும்? ஜேன் சுத்தியலைத் தூக்கியதே பிடிக்காதவர்களும் "ஜோக் ஜாஸ்தி" கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். எல்லா ரிப்போர்ட்டும் பக் ரிப்போர்ட் ஆகாது.

அலுப்புக்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். மார்வெலின் முதல் ஆறு படங்கள் வர 2008 முதல் 2012 வரை ஆனது. 2021-ல் ஒரே வருடத்தில் நான்கு படம், ஐந்து தொடர். எங்கள் பாஷையில் சொன்னால், டெஸ்டிங் முடியாமல் ரிலீஸ். அளவுக்கு மீறிச் செய்ததால் கவனம் சிதறியதை டிஸ்னி தலைவர் பாப் ஐகரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதும் சர்வரை மாற்றுகிற வேலைதான். வருடத்துக்கு ஒரே படம் வந்தாலும் அது தன் பாத்திரத்தின் வலியைப் பார்த்துச் சிரித்தால் நமக்கு வலிக்கும்.

ரசிகர்களோடு எனக்கே சண்டை வந்த இடமும் உண்டு. 2025-ல் ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' வந்தது. ராட்சத மிருகம் ஒன்று நகரத்தை மிதித்துக்கொண்டிருக்கும்போது சூப்பர்மேன் நடுவில் ஒரு அணிலைக் காப்பாற்றுவார். "காமெடி பண்றாங்க" என்று நண்பர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அது படத்தின் மிக சீரியஸான ஷாட். அணில் விஷயத்தில் சூப்பர்மேன் விளையாடவில்லை, படமும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. 2013-ன் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் கட்டடம் கட்டடமாகச் சரிகிறது. தொனி அவ்வளவு கனம், ஆனால் உள்ளே இருந்தவர்களை நினைத்துப் பார்க்கக் கதைக்கு நேரமே இல்லை. கனமான தொனி வேறு, கனம் வேறு.

*

அத்தை 2023 பிப்ரவரியில் போய்விட்டார். மே மாதம் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' மூன்றாம் பாகம் வந்தபோது அத்தை பையன்தான் டிக்கெட் போட்டான். அதுவும் ஜேம்ஸ் கன் படம்தான், அதிலும் ஜோக்குக்குக் குறைவில்லை. பேசும் ராக்கூனான ராக்கெட், குட்டியாகக் கூண்டில் இருந்த காலம் நடுநடுவே வருகிறது. அறுத்து, தைத்து, இரும்பு பொருத்தப்பட்ட நான்கு மிருகங்கள் தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டு, வெளியே போய்ப் பார்க்கப்போகும் வானத்தைப் பற்றிப் பேசிச் சிரிக்கின்றன. நான்கில் வெளியே வருவது ராக்கெட் மட்டும். அவன் கதறும்போது படம் எங்கேயும் ஓடவில்லை, அவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

தியேட்டரில் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் அத்தை பையன் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அந்தக் கூண்டுக்குள்ள இருந்துக்கிட்டு எப்படிடா சிரிக்குதுங்க? அம்மா மாதிரியே."

ஜோக் ஜாஸ்தி என்று அன்றைக்கு அவன் சொல்லவில்லை.